பொக்கையர் தாங்கமாட்டார்

போன கிழமை எங்கள் மாட்டாஸ்பத்திரியிலிருந்து கஜனி தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளை. சத்திரசிகிச்சைக்குப் புதுப் பெட்டி ஒன்று வந்து இறங்கியிருக்கிறதாம். பழைய கருவிகளை ஒதுக்கிவிட்டுப் புதியவற்றை அடுக்கிக்கொண்டு இருந்தாளாம்.

"அண்ணை, ஒரு மேசை லாச்சியிலை 'பொக்கையர்' எண்டு எழுதி ஒட்டிக் கிடக்கு. உங்கடை எழுத்துத்தான். ஆர் அண்ணை அந்தப் பொக்கையர்? இஞ்சை வேலை செய்தவரோ?"

"ஓம் பிள்ளை. என்னைவிட நல்லாய் வேலை செய்தவர்."

"இப்ப எங்கை இருக்கிறார்?"

"லாச்சியைத் திறந்து பாரும். உள்ளுக்குத்தான் படுத்திருப்பார்."

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கஜனி தொலைபேசியை வைத்துவிட்டாள். பிறகு மதுரா, "அப்பா, அந்தக் கதையை எழுதித் தாங்கோ" என்றாள். நிலவன், "சின்னதாய் எழுதுங்கோ" என்றான். இருவர் சொல்லையும் கேட்டுத்தான் எழுதுகிறேன். என் படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டது. எழுத்துப் பிழை இருந்தால் மதுரா திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொழிலாளியாக. முதல் வருடங்களை ஒரு வசனத்தில் சொல்லி முடித்துவிடலாம்: மாட்டின் வால் என் கையில் இருந்தது, மாட்டின் கால் என் நெஞ்சில் இருந்தது. பிறகு ஊசி மருந்து எடுத்துக் கொடுக்கப் பழகினேன். ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வாலிலிருந்து முன்னேறி வயிற்றுக்கு வந்து சேர்ந்தேன். அந்த நேரத்தில்தான் டொக்டர் வாசுகி எங்கள் இடத்துக்கு மாற்றலாகி வந்தார்.

டொக்டர் என்னைவிட வயதில் நன்றாக இளையவர். குரல் உயர்த்திப் பேசியதை யாரும் கேட்டதில்லை. ஏசவும் மாட்டார். நான் என்ன பிழை விட்டாலும் அவர் சொல்வது ஒரே சொல்தான்: "பரவாயில்லை." ஆனால் அதில் மூன்று சாதி இருந்தது. சட்டென்று சொன்னால் உண்மையிலேயே பரவாயில்லை. "பரவா...யில்லை" என்று நடுவில் இழுத்தால் திரும்பச் செய்ய வேண்டும். வேலையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் "பரவாயில்லை அண்ணை" என்றால், கொதிக்க வைத்து எடுத்த சாமான் எல்லாவற்றையும் மறுபடி கழுவி, மறுபடி கொதிக்க வைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மூன்றாவது சாதிக்கு நான் யானைக்குப் பயப்படுவது போலப் பயப்பட்டேன்.

இனி பொக்கையருக்கு வருகிறேன். வயிற்றைத் திறந்து வேலை செய்யும்போது உள்ளே இருப்பதை விரலாலேயே தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. அதற்குச் சாவணம் வேண்டும். கத்தரிக்கோல் போலத்தான் இருக்கும், விரல் விடும் வளையமும் இருக்கும். வெட்டும் அலகு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பிடிக்கிற வாய் இருக்கும். கைப்பிடிக்குக் கிட்ட ஒரு பூட்டு. அழுத்தினால் 'டிக்' என்று ஒரு படி பூட்டும். இன்னும் அழுத்தினால் இன்னொரு 'டிக்', அடுத்த படி.

அந்த வாயில் இரண்டு வகை எங்களிடம் இருந்தன. ஒன்றுக்கு மேலும் கீழும் குட்டிக் குட்டிப் பற்கள். தோலையும் அதற்குக் கீழே இருக்கும் தடித்த சவ்வையும் அது நன்றாகப் பிடிக்கும். மற்றதற்குப் பல்லே இல்லை. அகன்ற, வளைந்த உதடு மட்டும்தான். நடுவில் யன்னல் போல ஒரு ஓட்டை. குடலைப் பிடிக்க அதுதான். பொக்கை வாய்க்குள் இடியப்பம் போனது போலக் குடல் அதற்குள் நோகாமல் இருக்கும். குடலைப் பல்லுள்ளதால் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். நசித்தாலும் அப்படித்தான். உள்ளே இருப்பவை நோகிறது என்று அந்த நேரம் சொல்லாது. பிறகு ஒரு நாள் கறுத்துப் போய்க் கசியும். அதற்குப் பிறகு செய்வதற்கு அதிகம் இருக்காது.

இந்த இரண்டுக்கும் வெள்ளைக்காரப் பெயர்கள் உண்டு. பல்லுள்ளது 'அலிஸ்'. டொக்டர் முதல் தரம் "அலிஸ்" என்று கேட்டபோது, அப்படி ஒரு பிள்ளை வேலைக்கு வந்திருக்கிறதோ என்று நான் வாசலைப் பார்த்தேன். மற்றது 'பப்கொக்'. அது என் வாயில் சோளப்பொரி மாதிரி 'பப்கோன்' என்றே வந்தது. ஆட்டின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நான் "டொக்டர், பப்கோன் தரவோ?" என்று கேட்டால் அவர் எப்படி வேலை செய்வது?

"சிவம் அண்ணை, வாயிலை நுழையாட்டி நீங்களே பேர் வையுங்கோ. எனக்கும் சொல்லித் தாங்கோ. மாறிக் குடுக்காமல் இருந்தால் போதும்."

பல்லுள்ளதற்குக் 'கடியன்' என்று வைத்தேன். பல்லில்லாதது மென்மையான வேலை செய்வதால் மரியாதை கொடுத்துப் 'பொக்கையர்'. கடியன் வருவான், பொக்கையர் வருவார். டொக்டரும் அப்படியே கூப்பிடப் பழகினார். நானும் அதற்குப் பிறகு மாறிக் கொடுக்கவில்லை.

பெயர் வைத்தால் போதுமா, பிடிக்கவும் தெரிய வேண்டுமே. அதை டொக்டர் தேநீர் நேரத்தில் பழக்கினார். தேய்ந்துபோய் வேலையிலிருந்து நின்ற ஒரு பொக்கையரை இதற்கென்றே குசினியில் வைத்திருந்தார். பால் காய்ச்சி ஆறவிட்டால் மேலே ஆடை படியுமல்லவா, அந்த ஆடையைக் கிழியாமல் பொக்கையரால் தூக்கி ஒரு பீரிசுத் தட்டில் விரிக்க வேண்டும்.

"முதல் 'டிக்'கோடை நில்லுங்கோ அண்ணை. ரெண்டாவது 'டிக்' கேட்டால் நீங்கள் பிடிக்கேல்லை, கோவிக்கிறியள்."

கிழிந்தால் அந்த ஆடை முழுவதும் என் தேநீருக்குள். அதுதான் தண்டனை. எனக்குப் பாலாடை சின்ன வயதிலிருந்தே பிடிக்காது, அது அவருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் நான் கொஞ்சம் உடம்பு வைத்திருந்ததாக அம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பா. கல்யாணச் சாப்பாட்டால் வந்த உடம்பு என்று அவா நினைத்துக்கொண்டிருக்கிறா. இந்த இடத்தை அவாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

ஒரு நாள் காலையில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று எங்கள் வளவுக்குள் வந்து நின்றது. முள்ளியவளைக்கு அங்காலே, காட்டோரக் குளம் ஒன்றுக்குக் கீழே வயல் செய்கிற வயசாளி ஒருவர். சாக்கில் சுற்றி ஒரு மண்ணிற நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாய் தலையைத் தூக்கவில்லை.

"என்ன செய்யுது ஐயா?" என்று டொக்டர் கேட்டார்.

"சத்தி பிள்ளை. தண்ணி குடிச்சாலும் கக்கிறான். வெளிக்கும் போறானில்லை."

"பேர் என்ன?"

"பொக்கையர் எண்டு கேட்டால் முழு ஊருக்கும் தெரியும்" என்று சொல்லி அவர் சிரித்தார். வாய்க்குள் ஒரு பல்லும் இல்லை.

என் கையிலிருந்த தட்டம் கீழே விழுந்தது. டொக்டர் என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார்.

"நாயின்ரை பேரைக் கேட்டனான் ஐயா."

"ஆ, அவனோ? மந்திரி."

"மந்திரியோ! ஏன்?"

"எதைப் போட்டாலும் திண்டுபோட்டு, கேட்டால் ஒண்டும் தெரியாத மாதிரிப் படுத்திருப்பான்."

டொக்டர் மந்திரியின் வயிற்றை இரண்டு கையாலும் மெல்லத் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது. என் கையை எடுத்து அங்கே வைத்தார். உள்ளே கல்லுப் போல ஒன்று.

"கடைசியாய் என்ன திண்டவன்?"

"மாம்பழக் காலம் பிள்ளை. நான் சூப்பிப்போட்டு எறியிற கொட்டையை அவன் எடுத்துச் சூப்புவான். ரெண்டு பேருக்கும் அதிலை ஒரு போட்டி."

குடலில் மாங்கொட்டை இறுகியிருக்கிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். ஆனால் நாய் அந்தத் தூரம் தாங்காது. இங்கேயே திறந்து எடுக்கலாம். பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

பெரியவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"பிள்ளை, வீட்டிலை என்ரை மனிசிக்குக் காது கேளாது. முந்திக் கேட்டது, பிறகு சண்டைக் காலத்துச் சத்தங்களோடை போயிட்டுது. நான் யானைக் காவலுக்கு வயலுக்குப் போனால் அவா தனிய. படலையிலை ஆர் கூப்பிட்டாலும், வேலியடிக்கு யானை வந்தாலும், இவன்தான் அவாவின்ரை சேலைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு இழுத்துக் காட்டுவான். இவன்தான் அவாவின்ரை காது. இவனில்லாட்டி நான் எப்பிடி அவாவை விட்டிட்டு வெளிக்கிடுறது?"

"கவ்வி இழுத்தால் சேலை கிழியாதோ?" என்று நான் கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வியா அது? ஆனால் வாயில் வந்துவிட்டது.

"ஒருநாளும் இல்லை, தம்பி."

நான் நம்பவில்லை. நாயின் வாயைத் திறந்து பார்த்திருந்தேன். வீட்டுக்காரரின் பங்கையும் சேர்த்து அதற்கே கொடுத்தது போல வாய் நிறையப் பல்.

நரம்பில் சேலைன் ஏற்றி, மயக்கி, வயிற்று மயிரை வழித்து, மருந்து பூசி, துணி விரித்தோம். பெரியவரை வெளியே மர வாங்கில் இருத்தினோம். கதவு சரியாகச் சாத்தாது; அது அந்தக் கட்டிடத்தின் குணம். தோலை வெட்டியதும் கடியனைக் கேட்டார், கொடுத்தேன். உள்ளே போய் வீங்கிச் சிவந்த குடலை ஈரத்துணியில் வெளியே எடுத்தார். கையை நீட்டினார்.

"பொக்கையர்."

கதவு திறந்தது. "ஓம் பிள்ளை, சொல்லுங்கோ" என்று சொல்லிக்கொண்டு பெரியவர் செருப்போடு உள்ளே வந்தார்.

"ஐயோ, வெளியிலை நில்லுங்கோ ஐயா! உங்களை இல்லை!"

"கூப்பிட்ட மாதிரிக் கேட்டுது..."

போய்விட்டார். கத்தி கையில் இருக்கும்போது விளக்கம் சொல்ல நேரமேது? டொக்டர் குரலைத் தணித்து என்னிடம், "பொக்கையரைக் கொஞ்சம் மேலை தூக்குங்கோ" என்றார்.

வெளியே வாங்கு கிறீச்சிட்டது. "நான் எழும்பித்தான் நிக்கிறன் பிள்ளை!"

முகமூடிக்கு மேலே டொக்டரின் கண் கலங்கிவிட்டது. "அண்ணை, என்னைச் சிரிக்க வைக்காதேங்கோ. கை ஆடும்." நான் ஒன்றுமே செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கொட்டைக்குக் கொஞ்சம் கீழே, குடல் நல்ல நிறமாக இருந்த இடத்தில் வெட்டினார். அந்த இடத்தில்தான் தையல் பிடிக்கும். வெட்டின் வழியே கொட்டையை மெல்ல மெல்லத் தள்ளி வெளியே எடுத்தார். நார் எல்லாம் போய் வழுக்கையாய் இருந்தது. அதோடு சிரிப்பு முடிந்தது. கொட்டை அடைத்து வைத்திருந்ததெல்லாம் இப்போது அந்த வெட்டு வாயால் வரப் பார்த்தது. வயிற்றுக்குள் ஒரு சொட்டு விழுந்தாலும் கேடு. வெட்டின் இரண்டு பக்கமும் குடலைப் பொத்திப் பிடிக்க வேண்டும், நசிக்கவும் கூடாது. வேலையில் இருந்த பொக்கையரின் பூட்டும் தேய்ந்திருந்தது. முதல் 'டிக்'கில் வழுக்கியது. இரண்டாவது 'டிக்' போட்டால் அந்த வீங்கின குடலுக்கு அழுத்தம் கூடிவிடும்.

"பொக்கையர் தாங்கமாட்டார்" என்றார் டொக்டர். பகிடி இல்லாத குரல். "எடுங்கோ. விரலாலை பிடியுங்கோ அண்ணை."

சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், ஒரு கைக்கு ஒரு பக்கமாக, குடலைப் பிடித்தேன். அந்த நேரம் எனக்கு வேறு எதுவும் நினைவில்லை, பாலாடை ஒன்றுதான். டொக்டர் தைக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் வெளியிலிருந்து ஒரு விம்மல் கேட்டது. பிறகு வாங்கு கிறீச்சிட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் விளங்கிக்கொண்டோம். பொக்கையர் தாங்கமாட்டார். அப்படியென்றால் பொக்கையருக்குச் சொல்லக்கூடாத செய்தி உள்ளே இருக்கிறது. வேறு என்ன நினைப்பார் மனிசன்?

"டொக்டர், நான் போய்ச் சொல்லட்டோ?"

"கையை எடுத்தீங்களோ, பிறகு சொல்லுறதுக்கு ஒண்டும் இராது."

குரல் உயர்த்தாத டொக்டர் அன்று ஒரு தரம் கத்தினார்: "ஐயா! நாய் உசிரோடை இருக்கு!" பதில் இல்லை. மறுபடி கத்தினார். பதில் இல்லை. ஊசி ஒவ்வொரு தையலாகப் போய் வந்தது. என் விரல் விறைத்தது. இந்த நேரம் பார்த்து என் மூக்கு நுனியில் அரிப்பு. முகத்தைச் சுளித்துப் பார்த்தேன்.

"என்ன அண்ணை?"

"மூக்குக் கடிக்குது."

"பரவா...யில்லை."

தைத்து முடித்து, குடலுக்குள் ஊசியால் சேலைன் விட்டுக் கசிகிறதா என்று பார்த்தோம். கசியவில்லை. கழுவி, உள்ளே வைத்து, வயிற்றை மூடினோம். மந்திரி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான். நான் முதலில் மூக்கைச் சொறிந்தேன். பிறகு இருவரும் வெளியே ஓடினோம்.

வாங்கில் துவாய் மட்டும் கிடந்தது. லாண்ட்மாஸ்டர் நின்றது, அதில் இருந்த மண்வெட்டியைக் காணவில்லை. கட்டிடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் 'தொம், தொம்' என்று சத்தம். போய்ப் பார்த்தால் பெரியவர் முழங்கால் அளவு குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டிருக்கிறார். முகமெல்லாம் வேர்வையும் கண்ணீரும்.

"என்ன ஐயா செய்யிறியள்?"

"இஞ்சையே தாட்டுப்போட்டுப் போறன் பிள்ளை. வீட்டை கொண்டு போனால் அவா பாத்துக்கொண்டு இருக்கமாட்டா."

டொக்டர் கிடங்கின் விளிம்பில் குந்தினார். "மந்திரி இன்னும் பதவியிலைதான் இருக்கிறார் ஐயா" என்றார்.

பெரியவருக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. மண்வெட்டியை நட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கோபம் வந்தது.

"அப்ப ஏன் பிள்ளை 'பொக்கையர் தாங்கமாட்டார்' எண்டு சொன்னனியள்?"

நான் உள்ளே போய்ப் பொக்கையரைக் கழுவிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திறந்தார், மூடினார். சின்ன விரலை அதன் வாய்க்குள் வைத்து 'டிக்' என்று பூட்டிப் பார்த்தார்.

"நோகேல்லை" என்றார். "ஆர் இதுக்கு என்ரை பேரை வைச்சது?"

டொக்டர் என்னைக் கை காட்டினார். குரல் உயர்த்தாத மனிசர் இப்படித்தான் ஆளைக் காட்டிக் கொடுப்பார்கள்.

"ஐயா வாறதுக்கு முதலே வைச்ச பேர்" என்றேன்.

"பரவாயில்லை" என்றார் பெரியவர். அது எந்தச் சாதி என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வெட்டின கிடங்கு வீணாகக் கூடாது என்று அந்த மாங்கொட்டையை அதற்குள் போட்டு மூடிவிட்டுத்தான் வந்தார். இப்போது அங்கே பெரிய மாமரம் நிற்கிறது என்று எழுத எனக்கும் ஆசைதான். முளைக்கவில்லை.

மந்திரி தலை தூக்கியதும், கஞ்சித் தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லி அனுப்பினோம். ஆனால் டொக்டரின் முகத்தில் சந்தோஷம் முழுதாக வரவில்லை. தைத்த குடல் முதல் சில நாட்களில்தான் ஏமாற்றும். நசிந்த இடம் இருந்தால் அப்போதுதான் கறுக்கும், கசியும். பொக்கையர் வழுக்கின இடமும் இருந்தது, என் விரல் பிடித்த இடமும் இருந்தது.

கடைசியில் டொக்டர், "ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வாங்கோ அண்ணை. ஃபோன் எடுத்தால் அவாவுக்குக் கேளாது, அவர் வயல்லை நிப்பார்" என்றார்.

மோட்டார் சைக்கிளில் போனேன். காட்டோரம் தனி வீடு. படலையில் நின்று "வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டேன். சத்தமில்லை. மறுபடி கூப்பிட்டேன். முற்றம் வெறிச்சென்று கிடந்தது. பெரியவர் சொன்னது சரியென்றால் இப்போது ஒருவன் வர வேண்டும்.

குசினிப் பக்கமிருந்து மந்திரி வந்தான். வயிற்றில் தையல் தெரிய, நிதானமாக நடந்து வந்து படலையடியில் நின்று என்னைப் பார்த்தான். குரைக்கவில்லை. குரைத்து என்ன பயன் என்று அவனுக்குத் தெரியும். திரும்பிக் குசினிக்குள் போனான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா வெளியே வந்தா. சேலைத் தலைப்பு மந்திரியின் வாயில். அவன் முன்னால், அவா பின்னால்.

"ஆர் தம்பி?" என்று பெரிய சத்தமாய்க் கேட்டா.

"மாட்டாஸ்பத்திரி, அம்மா! மந்திரியைப் பாக்க வந்தனான்!" என் வாயசைவில் பாதிதான் அவாவுக்குப் பிடிபட்டது.

"மந்திரியோ? இஞ்சை ஒரு மந்திரியும் வாறேல்லை தம்பி. எலக்சன் வந்தால் வருவினம். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

நான் குந்தியிருந்து மந்திரியின் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். மெத்தென்று, வீக்கமில்லாமல் இருந்தது. அவன் வாயிலிருந்து விட்டதும் அந்தத் தலைப்பைக் கையில் எடுத்து வெயிலுக்குப் பிடித்தேன். கழுவிக் கழுவி வெளிறிப்போன பழைய நூல் சேலை. நகம் பட்டாலே கிழியும். எச்சிலால் நனைந்திருந்தது. ஒரு ஓட்டை இல்லை, ஒரு கீறல் இல்லை.

முதல் 'டிக்'கோடு நின்றிருக்கிறான்.

பல் இல்லாதபடியால்தான் பொக்கையர் மென்மையானவர் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். மந்திரிக்கோ வாய் நிறையப் பல். மதுரா, நிலவன், உங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பற்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். நாளைக்கும் ஃபோன் சார்ஜருக்குச் சண்டை போட்டு ஒருவர் கையை ஒருவர் பிடிப்பீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். பிடியுங்கள். இரண்டாவது 'டிக்' எனக்குக் கேட்டால், இந்த வீட்டில் பாலாடை இருக்கிறது.